அளவுகோலை அளப்பது: லோகோ கட்டுரையை முன்வைத்துச் சில குறிப்புகள்

துகள் முடுக்கிகளைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான். முதலில் ஜெனிவாவுக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுரங்கம். அடுத்து ஒளியின் வேகம். அடுத்து 'கடவுள் துகள்'. கடைசியில் உலகம் அழியுமா அழியாதா. படித்து முடித்தால் பிரமிப்பு இருக்கும், ஆனால் ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் இருக்காது: கற்றை குழாயின் நடுவில்தான் ஓடுகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இது துக்கடா கேள்வி இல்லை. நடுவில் ஓடவில்லை என்றால் மற்ற எதுவும் சொன்னபடி நடக்காது. நடுவில் ஓடுகிறதா என்று சொல்லும் கருவியே தப்பாகக் காட்டினால்? அந்தக் கருவியைச் சரிபார்க்க இன்னொரு கருவியைக் குழாய்க்குள் விட முடியாது. உள்ளே வெற்றிடம், கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் எலக்ட்ரான்கள், பக்கத்தில் ஆள் நிற்க முடியாத கதிர்வீச்சு. அப்படியானால் அளவுகோலை எதை வைத்து அளப்பது?

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்திக்கும் ஒரு ஆய்வுக்கட்டுரையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. ஜேம்ஸ் சஃப்ரானெக் எழுதி 1997-ல் 'நியூக்ளியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அண்ட் மெத்தட்ஸ்' இதழில் வந்தது. அதில் அறிமுகமான நிரலின் பெயர் லோகோ. மூடிய சுற்றுப்பாதைகளிலிருந்து நேரியல் ஒளியியலைக் கண்டுபிடிப்பது என்பதன் ஆங்கிலச் சுருக்கம். உலகின் பல சிங்க்ரோட்ரான்களில் இன்றும் இதன் வாரிசுகள் ஓடுகின்றன, நம்ம இந்தூர் உட்பட. நான் இயற்பியல் படித்தவன் இல்லை, பி.இ. முடித்து இருபது வருஷத்துக்கு மேல் மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் இந்தக் கட்டுரையை ஒரு மென்பொருள்காரன் படிக்காமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன். ஏன் என்று கடைசியில் வருகிறேன்.

நான்கு பொத்தான்கள்

முதலில் நம்ம ஊர் உதாரணம். இந்தூரில் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இன்டஸ்-2 என்ற எலக்ட்ரான் சேமிப்பு வளையம் இருக்கிறது. சுற்றளவு 172.47 மீட்டர், ஆற்றல் 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். ஒரு எலக்ட்ரான் இதை ஒரு வினாடியில் சுமார் 17.4 லட்சம் முறை சுற்றுகிறது. வளைக்கும் காந்தங்கள் 16. கற்றையைக் குவிக்கும் நான்முனைக் காந்தங்கள், அதாவது குவாட்ரபோல்கள், 72. வளையும்போது எலக்ட்ரான்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்தான் இங்கே சரக்கு. புரதப் படிகம் முதல் உலோகக் கலவை வரை அந்த ஒளியை வைத்து ஆராய்கிறார்கள்.

கற்றை எங்கே இருக்கிறது என்று பார்க்க வளையம் முழுக்க 56 இடங்களில் நிலைகாட்டிகள். உலகம் முழுக்க இவற்றை பி.பி.எம் என்பார்கள், இந்தூர்க்காரர்கள் எழுதும்போது பி.பி.ஐ என்கிறார்கள். வேலை செய்யும் விதம் எளிது. குழாய்ச் சுவரில் நான்கு சிறிய உலோகப் பொத்தான்கள். எலக்ட்ரான் கொத்து கடக்கும்போது ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு மின்துடிப்பு எழும். எந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் போகிறதோ அதில் துடிப்பு அதிகம். வலப்பக்கத் துடிப்பிலிருந்து இடப்பக்கத் துடிப்பைக் கழித்து, மொத்தத்தால் வகுத்து, ஒரு மாறிலியால் பெருக்கினால் கற்றை நடுவிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வந்துவிடும்.

மொத்தத்தால் வகுப்பது ஏன்? வளையத்தில் மின்னோட்டம் நேரத்தோடு குறைந்துகொண்டே வரும். வகுக்கவில்லை என்றால் மின்னோட்டம் குறைவதைக் கற்றை நகர்வதாக எடுத்துக்கொண்டுவிடுவோம்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு எளிய கணக்கு. குழாய் வட்டமானது, ஆரம் 20 மில்லிமீட்டர், எதிரெதிரே இரண்டு பொத்தான்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கும் மாறிலி ஆரத்தில் பாதி, 10 மில்லிமீட்டர். இப்போது ஒரு பக்கத்துக் கேபிளோ பெருக்கியோ மற்றதைவிட வெறும் 1 சதவீதம் அதிகமாகக் கடத்துகிறது. கற்றை மிகச்சரியாக நடுவில் போனாலும் கருவி சுமார் 0.05 மில்லிமீட்டர், அதாவது 50 மைக்ரான் தள்ளிக் காட்டும். மெல்லிய தலைமுடியின் தடிமன். இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் சிங்க்ரோட்ரான்களில் கற்றை அசையலாம் என்று பொதுவாக அனுமதிப்பதே கற்றையின் அளவில் பத்தில் ஒரு பங்குதான். செங்குத்துத் திசையில் அது சில மைக்ரான் என்ற கணக்கில் வரும்.

தராசும் எடைக்கல்லும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த டூல் ரூமுக்குள் போனாலும் ஒரு ஸ்டிக்கர் கண்ணில் படும். டயல் கேஜ், மைக்ரோமீட்டர், வெர்னியர் எல்லாவற்றிலும் கேலிப்ரேஷன் செய்த தேதி, அடுத்து செய்யவேண்டிய தேதி. மைக்ரோமீட்டரை ஸ்லிப் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். அந்த ஸ்லிப் கேஜை வெளியே லேபுக்கு அனுப்புவார்கள். அந்த லேபின் ஸ்லிப் கேஜ் இன்னும் மேலே போகும். சங்கிலியின் உச்சியில் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம். கீழே இருப்பதை மேலே இருப்பது அளக்கும், ஒருபோதும் தலைகீழாக நடக்காது. கேலிப்ரேஷன் என்று சொன்னால் நமக்கு மனதில் வரும் படம் இதுதான்.

பி.பி.எம்-க்கும் ஆரம்பத்தில் இதைச் செய்கிறார்கள். வளையத்தில் பொருத்தும் முன் மேசையில் வைத்து, உள்ளே கற்றைக்குப் பதிலாக ஒரு மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, அதில் உயர் அலைவெண் சிக்னலை அனுப்பி, கம்பியைத் துல்லியமாக நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியிலும் கருவி என்ன சொல்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். நடுவில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஓரத்துக்குப் போகப்போகக் கட்டம்போட்ட தாளின் மூலைகளைப் பிடித்து இழுத்தாற்போலப் படம் கோணும். அந்தக் கோணலையும் வரைபடமாக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மேசையிலிருந்து எடுத்து வளையத்தில் வைத்த நிமிஷமே அந்த ஸ்டிக்கரின் மதிப்பில் பாதி போய்விடுகிறது. புதுக் கேபிள், புது இணைப்பு, வேறு வெப்பநிலை. குழாயை வெற்றிடமாக்கிச் சூடேற்றும்போது உலோகம் கொஞ்சம் நகரும். மேலே அனுப்பிச் சரிபார்க்க வழியில்லை.

என்னவெல்லாம் தவறலாம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. காய்கறிக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். காலித் தட்டிலேயே முள் சாய்ந்திருப்பது ஒரு குறை. எடைக்கல்லே குறைவாக இருப்பது வேறு குறை. முதலாவது எவ்வளவு நிறுத்தாலும் ஒரே அளவு ஏமாற்றும். இரண்டாவது அதிகம் நிறுத்தால் அதிகம் ஏமாற்றும். பி.பி.எம்-மிலும் இப்படித்தான். பூஜ்யம் தள்ளியிருப்பதை 'ஆஃப்செட்' என்கிறார்கள். பெருக்கம் தப்பாக இருப்பதை 'கெயின்' பிழை என்கிறார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு, கருவி கொஞ்சம் திருகிப் பொருத்தப்பட்டிருந்தால் கிடைமட்ட அசைவு செங்குத்தாகவும் தெரியும்.

இரண்டு தட்டுத் தராசில் சந்தேகம் வந்தால் பழைய ஆட்கள் என்ன செய்வார்கள்? பொருளையும் கல்லையும் தட்டு மாற்றி வைப்பார்கள். தராசுக் கோலின் கை ஏற்றத்தாழ்வு இரண்டு நிறுவைக்கும் நடுவே வெட்டவெளிச்சமாகிவிடும். நவீன பி.பி.எம் மின்னணுவில் இதே தந்திரம் இருக்கிறது. நான்கு பொத்தான்களின் சிக்னலை நான்கு பெருக்கிகளுக்கு இடையே வேகமாக மாற்றி மாற்றி அனுப்பிச் சராசரி எடுக்கிறார்கள். பெருக்கிகளின் வேறுபாடு கழிந்துவிடும். ஆனால் மாற்றும் இடத்துக்கு முன்னாலிருக்கும் கேபிளின் குறையும் பொத்தானின் குறையும் அப்படியே இருக்கும்.

காந்தத்தின் நடு

மீதியைக் கற்றையிடமே கேட்பதுதான் வழி. இதில் இரண்டு முறைகள். முதல் முறை ஆஃப்செட்டுக்கு.

குவாட்ரபோல் காந்தத்தின் நடுவில் காந்தப்புலம் பூஜ்யம். நடுவிலிருந்து விலக விலகப் புலம் கூடும். கற்றை காந்தத்தின் நடுவில் போனால் அந்தக் காந்தத்தின் மின்னோட்டத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் கற்றைக்குத் தள்ளு விழாது. கொஞ்சம் விலகிப் போனால் விலகலுக்கு ஏற்பத் தள்ளு விழும், வளையம் முழுக்கக் கற்றை ஆடும். ஆகவே கற்றையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்து, காந்தத்தை அசைத்தாலும் கற்றை அசையாத இடத்தைப் பிடிக்கவேண்டும். அந்த நேரத்தில் பக்கத்து பி.பி.எம் என்ன எண்ணைக் காட்டுகிறதோ அதுதான் அதன் ஆஃப்செட். இன்டஸ்-2-ல் இதைச் செய்து முடிவுகளை 2015-ல் 'ரிவ்யூ ஆஃப் சயின்டிஃபிக் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' இதழில் வெளியிட்டிருக்கிறார்கள்.

எனக்கு இந்த முறையில் பிடித்தது, கருவியின் கெயின் தப்பாக இருந்தாலும் கவலையில்லை என்பது. தேடுவது ஒரு பூஜ்யத்தை. முள் எத்தனை கோடு நகர்ந்தது என்பது முக்கியமில்லை, நகர்ந்ததா இல்லையா என்பதே போதும்.

பிடிக்காததையும் சொல்லவேண்டும். இந்த முறை 'நடு' என்ற சொல்லின் அர்த்தத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறது. முன்பு நடு என்றால் குழாயின் நடு. இப்போது அந்தக் காந்தத்தின் நடு. காந்தமே தன் இடத்திலிருந்து விலகி நின்றால் பி.பி.எம்-மும் அதோடு விலகி, எல்லாம் சரி என்று சொல்லும். கற்றைக்குக் காந்தம்தான் முக்கியம் என்பதால் நடைமுறையில் இது நல்லதுதான். ஆனால் இது உண்மையை அளப்பது இல்லை, பயனுள்ள ஒன்றை அளப்பது. இரண்டும் ஒன்று என்று எழுதும் அறிக்கைகளைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

லோகோ

இரண்டாவது முறைதான் சஃப்ரானெக்கின் கட்டுரை. அவர் வேலை செய்தது நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்த எக்ஸ் கதிர் வளையத்தில். அந்த வளையம் 2014-ல் மூடப்பட்டுவிட்டது. கட்டுரை இன்னும் உயிரோடு இருக்கிறது.

கற்றையைச் சிறிது திருப்ப வளையத்தில் சிறு காந்தங்கள் உண்டு. ஸ்டீரிங் காந்தம் என்கிறார்கள். ஒன்றை மட்டும் கொஞ்சம் மாற்றி, எல்லா பி.பி.எம்-களிலும் என்ன மாறியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. இன்டஸ்-2 கணக்கில் கிடைமட்டத்துக்கு 48, செங்குத்துக்கு 40, ஆக 88 ஸ்டீரிங் காந்தங்கள். 56 பி.பி.எம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திசை, 112 எண்கள். பெருக்கினால் 9,856 எண்கள் கொண்ட அட்டவணை. மாற்றத்தை மட்டும் குறிப்பதால் ஆஃப்செட் தானாகவே கழிந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். காந்த நடு முறைக்குக் கெயின் தேவையில்லை, இந்த முறைக்கு ஆஃப்செட் தேவையில்லை. இரண்டும் ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைக்கின்றன.

இன்னொரு பக்கம், வளையத்தின் கணினி மாதிரியிலிருந்தும் இதே அட்டவணையைக் கணக்கிடலாம். இரண்டும் பொருந்தாது. யார்மேல் தப்பு? குவாட்ரபோலின் வலிமை நினைத்தபடி இல்லையா? ஸ்டீரிங் காந்தம் சொன்ன அளவு திருப்பவில்லையா? பி.பி.எம் சொன்னது பொய்யா? சஃப்ரானெக்குக்கு முன்னால் இருந்தவர்களும் இந்த அட்டவணையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அவரே அதைக் குறிப்பிடுகிறார். அவர் செய்தது, எல்லோரையும் ஒரே நேரத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. 56 குவாட்ரபோல்களின் வலிமை, ஸ்டீரிங் காந்தங்களின் அளவீடு, பி.பி.எம்-களின் கெயின், எல்லாவற்றின் திருகல், எதையும் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் தெரியாத எண்களாக வைத்து, மீச்சிறு வர்க்க முறையில் அட்டவணைக்குப் பொருத்தினார்.

அம்பத்தூர் ஸ்டிக்கர் சங்கிலியோடு ஒப்பிட்டால் இது கலகம். மேல் கீழ் கிடையாது. அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இது எப்படிச் சாத்தியம்? எண்ணிக்கைதான் பலம். தெரியாதவை சில நூறு, தெரிந்தவை பல ஆயிரம். ஒரு பி.பி.எம் பொய் சொன்னால் அது எல்லா ஸ்டீரிங் காந்தங்களுக்கும் ஒரே விகிதத்தில் பொய் சொல்லவேண்டும். ஒரு குவாட்ரபோல் தப்பாக இருந்தால் அதன் தடம் வேறு வடிவத்தில் வளையம் முழுக்கப் பரவும். ஒவ்வொரு குறைக்கும் ஒரு கைரேகை இருப்பதால் பிரித்தறிய முடிகிறது.

கட்டுரை தரும் எண், பி.பி.எம்-களின் தற்செயல் இரைச்சலால் ஒரு குவாட்ரபோலின் வலிமையில் வரும் பிழை 0.04 சதவீதம். பிரமிக்க வைக்கும் எண். ஆனால் 'தற்செயல் இரைச்சலால்' என்ற சொற்களை அவர் கவனமாகப் போட்டிருக்கிறார். இந்த எண்ணை எடுத்துச் சொல்பவர்கள் அந்தச் சொற்களை விட்டுவிட்டால் அர்த்தமே மாறிவிடும். மாதிரியில் சேர்க்கவே மறந்த ஒரு காரணத்தால் வரும் பிழை இதில் அடங்காது. அதை எந்தப் பொருத்தமும் தானாகச் சொல்லாது.

சரி, பொருத்தம் நன்றாக இருப்பதாலேயே விடை சரியாகிவிடுமா? இங்கேதான் இந்தக் கட்டுரை நல்ல கட்டுரை என்று நான் சொல்வேன். பொருந்தியது என்பதோடு அவர் நிறுத்தவில்லை. கிடைத்த மாதிரியை வைத்து வேறு அளவுகளைக் கணித்துப் பார்க்கிறார். ஆற்றல் மாறினால் கற்றை எவ்வளவு நகரும் என்ற டிஸ்பெர்ஷன், வளையத்தின் ஒவ்வொரு இடத்திலும் கற்றையின் அகலத்தைத் தீர்மானிக்கும் பீட்டா சார்புகள், கற்றையின் பரவலைச் சொல்லும் எமிட்டன்ஸ். இதில் கிடைமட்ட டிஸ்பெர்ஷனை முழு சாட்சியாக நான் ஏற்கமாட்டேன், அதன் ஒரு பகுதி பொருத்தத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் எமிட்டன்ஸ் வெளிச் சாட்சி. அதுவும் ஒத்துப்போகிறது.

ஒன்று மட்டும் முழுதாக ஒத்துப்போகவில்லை. செங்குத்து டிஸ்பெர்ஷன் போக்கில்தான் பொருந்துகிறது, எண்ணில் இல்லை. அதை அவர் கட்டுரையின் சுருக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். பிற்சேர்க்கையில் புதைக்கவில்லை. கடைசியாக, இந்தப் புரிதலை வைத்து வளையத்தின் ஒளிச்செறிவைக் கூட்டினோம் என்கிறார். கணக்கு சரியென்றால் இயந்திரம் கேட்கவேண்டும், கேட்டது.

அனாமத்துக் கணக்கு

இனி என் விமர்சனம். மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர்களுக்கு அனாமத்துக் கணக்கு தெரிந்திருக்கும். வரவும் செலவும் இடிக்கும்போது, எங்கே போனது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் எழுதுவார்கள். பேரேடு அழகாக நேர்படும். நல்ல கணக்குப்பிள்ளை அடுத்த வாரத்துக்குள் அதைத் தீர்த்துவிடுவார். மோசமானவர் அதை வருஷக்கணக்கில் வளரவிடுவார்.

பி.பி.எம் கெயின் என்பது அப்படியொரு அனாமத்துக் கணக்காகிவிடும் அபாயம் இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. பொருத்தம் முடிந்ததும் ஒரு பி.பி.எம்-மின் கெயின் 0.95 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏன் 0.95? பொத்தான் சிறிதா, கேபிள் சேதமா, மின்னணு தளர்ந்ததா, இல்லை மாதிரியில் இல்லாத வேறேதோ குறை இந்த எண்ணுக்குள் ஒளிந்துகொண்டதா? நிரல் கேட்காது. 0.95-ஐ எழுதிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கும். 'ஏன்' என்பது மனிதன் போய்க் கேட்கவேண்டிய கேள்வி. கேபிளை மாற்றி மறுபடி அளந்தால் 0.95 கேபிளோடு போகிறதா, அங்கேயே நிற்கிறதா?

இது கற்பனைக் கவலை இல்லை. நான் சில வருஷம் முன்பு பார்த்த ஒரு குளிர்பதனக் கிடங்கு மென்பொருளில் நாற்பது வெப்பநிலை சென்சார்கள். ஒவ்வொரு இரவும் பக்கத்து சென்சார்களோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றின் ஆஃப்செட்டையும் நிரலே திருத்திக்கொள்ளும்படி அதைக் கட்டியவர்கள் எழுதியிருந்தார்கள். ஒரு சென்சாரின் திருத்தம் மட்டும் வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டே போயிற்று. திரையில் எல்லாம் பச்சை. சென்சார் ஒழுங்காகத்தான் இருந்தது. அதன் பக்கத்துக் கதவின் ரப்பர் கேஸ்கெட் தேய்ந்து வெளிக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. உண்மை சொன்ன ஒரே சாட்சியை நிரல் ஒவ்வொரு இரவும் திருத்திக்கொண்டிருந்தது. கெயின், ஆஃப்செட் போன்ற திருத்த எண்களை வரலாறாகச் சேமித்து, அவை நகர்ந்தால் மணி அடிக்கவேண்டும் என்பது அதிலிருந்து நான் எல்லா இடத்திலும் சொல்வது.

சஃப்ரானெக்கின் கட்டுரைமேல் நான் வைக்கும் குறை இதுதான். பி.பி.எம் கெயின்கள் கிடைக்கின்றன என்று சொல்கிறது, ஆனால் அவை துணை விளைபொருளாக நிற்கின்றன. கதாநாயகன் குவாட்ரபோல். கட்டுரையின் நோக்கமே ஒளியியல் என்பதால் இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பின்னால் வந்தவர்கள் பலர் முறையை எடுத்துக்கொண்டதோடு இந்த மனப்பாங்கையும் எடுத்துக்கொண்டார்கள். கெயின் பட்டியல் ஒரு படமாக வந்துபோகும், கதை குவாட்ரபோல் திருத்தத்துக்குத் தாவிவிடும். நிலைகாட்டியின் குறை ஒரு தகவல் என்று பார்க்கப்படாமல், கழிக்கவேண்டிய தூசு என்று பார்க்கப்படுகிறது.

நங்கூரம் எங்கே?

இதைவிட ஆழமான ஒரு சிக்கலும் உண்டு. எல்லா பி.பி.எம்-களும் நகர்வை 2 சதவீதம் அதிகமாகக் காட்டுகின்றன, எல்லா ஸ்டீரிங் காந்தங்களும் நினைத்ததைவிட அதே விகிதத்தில் குறைவாகத் திருப்புகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் ஒரு எண்கூட மாறாது. எல்லா எடைக்கல்லும் ஒரே விகிதத்தில் குறைந்து, சந்தைக்கு வரும் எல்லாக் காயும் அதே விகிதத்தில் இளைத்துப்போன கதை. உள்ளே இருந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எல்லோரையும் கூண்டில் ஏற்றியதற்கு இது விலை. ஆளுக்கு ஆள் சாட்சி சொல்லலாம், ஆனால் எல்லோரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் நீதிமன்றத்துக்குத் தெரியாது.

வெளியிலிருந்து ஒரு நங்கூரம் வேண்டும். 2002-ல் மேட்லாப் மொழியில் மறுபடி எழுதப்பட்ட லோகோவிலும் அதன் பிறகும் டிஸ்பெர்ஷனை அட்டவணையில் கூடுதல் ஒரு பத்தியாகச் சேர்க்கும் வழக்கம் வேரூன்றியது. கிடைமட்டத் திசையில் இந்த முடிச்சை அது அவிழ்க்கிறது. எப்படி? எலக்ட்ரான்களுக்கு ஆற்றல் கொடுக்கும் ரேடியோ அலைவெண், இன்டஸ்-2-ல் 505.8 மெகாஹெர்ட்ஸ், அதைச் சற்று மாற்றுகிறார்கள். வேகத்தை இனிமேல் கூட்டமுடியாத எலக்ட்ரான், நேரத்துக்கு வந்து சேர வேறு நீளமுள்ள பாதையில் போயாகவேண்டும். அதற்கு அதன் ஆற்றல் மாறும், கற்றை பக்கவாட்டில் நகரும். இந்த நகர்வில் ஸ்டீரிங் காந்தத்துக்குப் பங்கே இல்லை. ஆகவே பி.பி.எம் தனியாக மாட்டிக்கொள்கிறது.

அலைவெண் என்பது மனிதன் அளப்பதிலேயே மிகத் துல்லியமானது. கூடவே வளைக்கும் காந்தங்களின் அமைப்பும் வளையத்தின் நீளமும் மாதிரியில் சரியாக இருக்கவேண்டும், ஆகவே நங்கூரத்தின் ஒரு கொக்கி மாதிரியிலும் மாட்டியிருக்கிறது என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். 1983 முதல் மீட்டர் என்பதே ஒளியின் வேகத்தையும் வினாடியையும் வைத்துத்தான் வரையறுக்கப்படுகிறது. அம்பத்தூர் ஸ்லிப் கேஜின் சங்கிலி டெல்லி வழியாகப் போய் எந்த இடத்தில் முடிகிறதோ, அதே இடத்தில்தான் எல்லோரையும் சமமாக நிறுத்திய இந்தக் கலகமும் போய் முடிகிறது.

இந்த நங்கூரம் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஜெனிவாவின் லெப் முடுக்கியே சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் அதன் கற்றை ஆற்றல் நாளுக்குள்ளேயே மெல்ல ஏறி இறங்குவது தெரிந்தது. காரணம் நிலா. கடலை இழுப்பதுபோல அது பாறையையும் இழுக்கிறது, கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர் சுற்றளவு சுமார் ஒரு மில்லிமீட்டர் மாறியது. அலைவெண் மாறாததால் கற்றையின் பாதை நீளமும் மாறவில்லை. வளையம்தான் கற்றையைச் சுற்றி விரிந்து சுருங்கியது. கற்றை காந்தங்களின் நடுவிலிருந்து விலகியது, ஆற்றல் மாறியது. கவனியுங்கள், அன்று அந்த ஏற்ற இறக்கத்தை ஒரு திருத்த எண்ணுக்குள் போட்டு மூடியிருந்தால் கணக்கு நேர்பட்டிருக்கும். நிலா தெரிந்திருக்காது.

ஒரு மென்பொருள்காரன் இதை ஏன் படிக்கவேண்டும் என்று முதலில் கேட்டிருந்தேன். இன்று நாம் எழுதும் நிரல்களில் பாதி, தரவுக்கு ஒரு மாதிரியைப் பொருத்துபவை. 'டேட்டாவோட நல்லா ஃபிட் ஆகுது சார்' என்ற வாக்கியத்தோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. 1997-ன் இந்தக் கட்டுரை அதே வாக்கியத்தில் தொடங்கி, பொருத்தாத ஒன்றைக் கணித்துக் காட்டு, பொருந்தாததை முதல் பக்கத்தில் சொல், பிறகு இயந்திரத்தை ஓட்டிக் காட்டு என்று மூன்று படி மேலே போகிறது. அதற்கு நான் கூடுதலாகக் கேட்பது ஒன்றுதான்: திருத்த எண்ணை அனாமத்தில் விட்டுவிடாதே.

தமிழில் அறிவியல் எழுதும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஏதாவது முடுக்கியிலிருந்து ஒரு செய்தி வந்தால், என்ன கண்டுபிடித்தார்கள் என்று எழுதுங்கள். கூடவே, கற்றை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு பத்தி சேருங்கள். வாசகருக்குப் புரியாது என்று தயங்கவேண்டாம். தட்டு மாற்றி நிறுக்கத் தெரிந்த ஊர் இது.